ஆறு வெள்ளியும் சிவப்பு

இசக்கிசெல்வியின் வீட்டில் ஆறு வாரமாக அம்மனிடம் ஒரே கேள்விதான். அம்மா பூமாரியின் வயிற்றில் வளர்ந்திருக்கும் கட்டிக்கு ஆபரேஷன் செய்யலாமா, வேண்டாமா? விட்டுவைத்தால் தீபாவளி தாண்டாது என்று டாக்டர் சொல்லியாயிற்று. அப்பா ராஜபாண்டிக்கு டாக்டர் சொன்னால் போதாது, அம்மனும் உத்தரவு கொடுக்க வேண்டும். தாராவி தோல் பட்டறையில் பெல்ட்டுக்குத் துளை போடும்போது ஒரு நூல் பிசகாத மனுஷர், சாமி என்றதும் மூளையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்.

சந்து முனைக் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். ஒரு தாளில் வெள்ளை அரளி, இன்னொரு தாளில் சிவப்பு அரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நூல் சுற்றி, அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம். பொட்டலம் கட்டுவது அம்மா. சின்னப் பிள்ளைதான் எடுக்க வேண்டும் என்பதால் எடுப்பது ஏழாம் வகுப்பு இசக்கிசெல்வி. ஆறு வெள்ளிக்கிழமையும் அவள் எடுத்தது சிவப்பு. அப்பா முகம் ஒவ்வொரு முறையும் தொங்கிப்போகும். தன் கைதான் ராசியில்லாத கை என்று அந்தப் பிள்ளை நம்பவே ஆரம்பித்துவிட்டாள். குளிக்கும்போது வலது கைக்கு மட்டும் இரண்டு தடவை சோப்புப் போட்டாள்.

ஆறாவது வெள்ளிக்கு மறுநாள், பள்ளியில் விஜயலட்சுமி டீச்சர் நிகழ்தகவு நடத்தினார். ஆளுக்கொரு ரூபாயை ஐம்பது தடவை சுண்டச் சொன்னார். நோட்டில் இரண்டு கட்டம்: எதிர்பார்த்தது, கிடைத்தது. எதிர்பார்த்தது இருபத்தைந்து பூ. இசக்கிசெல்விக்கு முதல் பத்தில் எட்டு பூ விழுந்தது, ஐம்பதில் இருபத்தேழு.

"பாத்தியா, தடவை கூடக் கூட எப்படிப் பாதிக்குக் கிட்ட வருது" என்றார் டீச்சர்.

"ஆறு தடவையும் பூவே விழுமா டீச்சர்?"

"விழலாம். அறுபத்துநாலுல ஒரு வாய்ப்பு. ஆனா நானா இருந்தா முதல்ல காசைத் திருப்பிப் பாப்பேன், ரெண்டு பக்கமும் பூதானான்னு."

வகுப்பே சிரித்தது.

பள்ளி விட்டதும் இசக்கிசெல்வி கோயிலுக்கு ஓடினாள். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. பூசாரி அதை வாடின மாலைகளோடு ஒரு கூடையில் போட்டுவிடுவார். நேற்றுக் கட்டிய பொட்டலம், அம்மாவின் நீல நூலோடு அப்படியே கிடந்தது. பிரித்தாள். அதற்குள்ளும் சிவப்பு அரளி.

அம்மா குழாயடியில் குடத்தைப் பிடித்தபடி குந்தியிருந்தாள்.

"எம்மா, ரெண்டுலயும் சிவப்புதான் வச்சியா?"

"ஏட்டி, மெல்லப் பேசு. ஒங்கப்பாட்ட சொல்லிராத."

"ஏம்மா அப்படிச் செஞ்ச?"

"டாக்டர் என்ன சொன்னாரு? பத்துல ஏழு பேரு பொழச்சுக்கிடுவாவன்னு. அந்த மூணு பேரு யாருட்டி? அவங்கட்டயும் ஏழுன்னுதான சொல்லியிருப்பாவ?" தண்ணீர் நிரம்பி வழிந்தது, அம்மா கவனிக்கவில்லை. "பயமா இருக்குட்டி. மயக்க மருந்து குடுத்தா முழிக்கவே மாட்டேன்னு தோணுது. இருக்க வரைக்கும் ஒங்கூட இருந்துட்டுப் போயிருதேன்."

இசக்கிசெல்விக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்தி வந்தது. ஆறு வாரம் தன் கையைத் தானே வெறுத்திருக்கிறாள். கோபம் ஆறியதும் கணக்குப் போட்டாள். ஏழு, மூன்றைவிடப் பெரிது. சுண்டுகிற காசுகூடப் பத்துக்கு ஐந்துதான் தருகிறது. அம்மாவுக்குக் கணக்கு தெரியாது, தனக்குத் தெரியும் என்று நினைத்தாள்.

ஏழாவது வெள்ளி, மற்ற இருவருக்கும் முன்னால் ஓடி, அம்மா கட்டிக் கொடுத்த பொட்டலங்களைப் போகிற வழியிலேயே சாக்கடையில் எறிந்தாள். தான் கட்டிய இரண்டைத் தட்டில் வைத்தாள். இரண்டிலும் வெள்ளை.

வெள்ளைப் பூவைக் கண்டதும் அப்பா நடுத்தெரு என்று பாராமல் விழுந்து கும்பிட்டார். அம்மா பூவைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆனால் அப்பாவின் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வாள்? "சரி, போவோம்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் பச்சை அங்கி மாட்டித் தள்ளுகட்டிலில் படுத்திருந்தபோது மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, ஏழுன்னா நெறையதான?"

"நெறையம்மா. பாதிக்கு மேல."

ஐந்து மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். இந்தியில் மெதுவாகத்தான் சொன்னார். அப்பா திரும்பத் திரும்ப "க்யா? க்யா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

டாக்டரின் ஏழு பொய்யில்லை. ஆயிரம் பேரைக் கணக்கெடுத்தால் எழுநூறு பேர் பிழைத்திருப்பார்கள். எந்தப் பாழாய்ப்போன கணக்கும் அம்மாவை இன்னொரு தடவை உள்ளே அனுப்பிப் பார்க்க விடாது. அது இசக்கிசெல்விக்கு இப்போது புரிந்தது, புரிந்து என்ன செய்ய?

பதினாறாம் நாள் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். அப்பா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். பட்டறைக்குப் போகவில்லை, சாப்பிடவுமில்லை.

"ஆறு வாரம், தாயி" என்றார். "ஆறு வாரமும் அம்மன் வேண்டாம் வேண்டாம்னுதான சொன்னா? நாந்தான் விடாமப் போயி நின்னேன். அரிச்சு அரிச்சுக் கேட்டு உத்தரவு வாங்கினேன். நானே ஒங்கம்மாவக் கொன்னுட்டேன்."

இசக்கிசெல்வி வாயைத் திறந்தாள். வேண்டாம் என்றது அம்மன் இல்லை, அம்மா. சரி என்றதும் அம்மன் இல்லை. இதைச் சொன்னால் அப்பா பிழைத்துக்கொள்வார்.

"அழாதீங்கப்பா" என்று மட்டும் சொன்னாள்.