சோறு போட்ட டீம்

குழந்தைவேலு கோல் அடிப்பான் என்பதில் போர்ட் பிளேயரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அப்படிப்பட்டவனை எந்த டீமும் ஏன் ஒரு வருஷத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை என்பதுதான் அவன் பெண்டாட்டி இந்திராணிக்குப் பிடிபடவில்லை.

அந்த நாளில் அந்தமானில் ஆட்கள் வேலை செய்கிற இடத்துக்கெல்லாம் ஒரு ஃபுட்பால் டீம் உண்டு. காலில் பந்து நிற்கிறவனுக்கு வேலை கொடுப்பார்கள், ஆனால் அது டெம்பரரி வேலை. சீசன் முழுக்க மத்தியானச் சாப்பாடு டீமோடு ஒரே மெஸ்ஸில். குழந்தைவேலு கல்யாணத்துக்கு முன்னால் மாயாபந்தரில் மரமில், அதாவது மரம் அறுக்கிற மில் டீமுக்கு ஆடினான். இந்திராணி ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்த பிறகு கப்பல் பட்டறை, அப்புறம் பவர் ஹவுஸ். இப்போது ரோடு டீம். ஒவ்வொரு சீசன் முடிவிலும் கையைக் குலுக்கி, முதுகில் தட்டி, நல்ல வார்த்தை சொல்லி வெளியே அனுப்பிவிடுவார்கள். அவனும் சிரித்த முகமாக வந்து, "இந்திராணி, சாமான் கட்டு" என்பான். நாடகக் கம்பெனிக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தால்கூட இதைவிடக் குறைவாகத்தான் மூட்டை கட்டியிருப்பாள்.

"ஏங்க, நெசமாவே நல்லாத்தான் ஆடுறீங்களா?" என்று ஒரு நாள் கேட்டே விட்டாள்.

"கடைவீதில போய்க் கேளு."

கேட்டாள். எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள். அது இன்னும் குழப்பியது.

அறுபத்துநாலாம் வருஷ மழைக்காலத்தில் ரோடு டீமின் ஓவர்சியர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். இந்தத் தடவை ஷீல்டு வந்தால் குழந்தைவேலுவுக்கு பெர்மனன்ட் வேலை, கராச்சர்மாவில் தகரம் வேய்ந்த குவார்ட்டர்ஸ். வராவிட்டால் அவர் கையில் ஒன்றுமில்லை. இந்திராணி அந்த வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தாள். பின்னால் முருங்கை வைக்க இடம் இருந்தது. முருங்கை காய்க்கிற வரைக்கும் ஒரே இடத்தில் இருந்தால் போதும், அவள் ஆசை அவ்வளவுதான்.

இனி கேட்டுப் பிரயோஜனமில்லை, கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். மளிகைக்கடை சாகுல் ஹமீதின் மனைவி சபீஹாவைத் துணைக்குக் கூப்பிட்டாள். சபீஹாவின் புருஷன் மேட்ச் என்றால் கல்லாவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடுகிற ரகம். அதனால் அவளுக்கும் அப்படி என்னதான் இருக்கிறது அங்கே என்று ஒரு குறுகுறுப்பு. இருவரும் குடையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றார்கள்.

போலீஸ் டீமோடு அரையிறுதி. வீட்டில் தண்ணீர்க் குடத்தை இடறாமல் நடக்கத் தெரியாத மனுஷன், சேற்றில் மூன்று பேரைத் தாண்டிப் போய் அடித்தான். மறுபடியும் ஒன்று அடித்தான். இந்திராணிக்குப் பெருமை தாங்கவில்லை. அழுகைகூட வந்தது.

"இவரையா வேண்டாம்ங்கிறாங்க?" என்றாள் சபீஹா.

ஃபைனல் மாயாபந்தர் மரமில் டீமோடு. அங்கேதான் இந்திராணி வேறொரு குழந்தைவேலுவைப் பார்த்தாள். பந்து காலுக்கு வந்ததும் பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிட்டான். கோலுக்கு முன்னால் போய் நின்று, செருப்பைத் தொலைத்தவன்போல் தரையைப் பார்த்தான். கடைசியில் கோல்கீப்பர் வழுக்கி விழுந்து கிடக்க, எதிரே யாருமே இல்லாதபோது, பந்தை வானத்துக்கு அனுப்பினான். ஆட்டம் கோலில்லாமல் முடிந்தது. மறுநாள் திரும்ப ஆட வேண்டும்.

பின்னால் நின்ற ஒருவன், "பைசா கா லியா" என்றான். பணம் தின்றுவிட்டானாம். கூட நின்றவன், "போன வருஷமும் மரமில்லுக்கு எதிரா இப்படித்தான். பட்டறைக்கும் இப்படித்தான்" என்றான். இந்திராணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். மரமில், பட்டறை. போலீஸுக்கு மட்டும் ரெண்டு கோல். வீடு போய்ச் சேர்வதற்குள் அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது.

விளக்கேற்றிவிட்டு நேராகக் கேட்டாள். "முன்னால ஆடின டீமுக்கு எதிரா மட்டும் ஏன் அடிக்க மாட்டேங்கிறீங்க?"

அவன் மழுப்பிப் பார்த்தான். பிறகு சொன்னான். "மரமில்ல இருந்தப்ப மலேரியா வந்து கிடந்தேன். அந்த கோல்கீப்பர் நிதாய், பெங்காலி. அவன்தான் தலையைத் தூக்கிப் பிடிச்சு கஞ்சி ஊத்தினான். அவனைச் சேத்துல தள்ளிட்டு அவன் பின்னால பந்தைப் போடச் சொல்றியா? கால் போக மாட்டேங்குது, இந்திராணி. அவங்க மெஸ்ல சாப்பிட்டிருக்கேன்."

"பட்டறையிலயும்?"

"அங்கயும்தான் சாப்பிட்டேன்."

"பவர் ஹவுஸ்லயும்?"

அவன் விளக்குத் திரியைத் தூண்டிவிடக் குனிந்தான்.

இந்திராணிக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. மெயின்லேண்டாக இருந்தால் இந்தக் கொள்கை செல்லும். ஊருக்கு ஒரு டீம், ஆயுசு முழுக்க ஆடினாலும் புதுப் புது எதிரி கிடைப்பான். இது தீவு. டீமே விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். வருஷத்துக்கு ஒரு மெஸ்ஸாகச் சாப்பிட்டுக்கொண்டு போனால் யாருக்கு எதிராகத்தான் ஆடுவது?

"போலீஸ்காரங்கதான் பாக்கி. அவங்களும் ஒரு வாய் சோறு போட்டுட்டா ஒங்க ஆட்டம் முடிஞ்சுது" என்றாள். அவன் லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளைக் கிளப்பிவிட்டது.

"எங் கையாலயும் இத்தன வருஷமாச் சாப்பிடுறீங்க. இன்னிக்கு நீங்க வானத்துக்கு அடிச்சது எங் குடியிருப்பை. அதுக்கு மட்டும் கால் எப்படிப் போச்சு?"

குழந்தைவேலுவின் முகம் செத்துவிட்டது. அவள் படுக்கையைத் தட்டிப் போட்டுவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் ஆட்டத்தில் இடைவேளை முடிந்து கொஞ்ச நேரம் கழித்து அது நடந்தது. குழந்தைவேலு பந்தோடு உள்ளே போனான். நிதாய் காலை அகட்டிக்கொண்டு முன்னால் வந்தான். இந்திராணி சபீஹாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தைவேலு ஒரு கணம் நின்றது அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். பிறகு இடது பக்கமாக ஒதுங்கி அடித்தான். நிதாய் சேற்றில் நீளமாக விழுந்தான். பந்து வலைக்குள் கிடந்தது. ரோடு டீம் மொத்தமும் குழந்தைவேலுவின் மேல் வந்து விழுந்தது. அடியில் கிடந்தவன் சிரிக்கவில்லை.

ஷீல்டு வந்தது. ஓவர்சியர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சாகுல் ஹமீது கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் குழந்தைவேலு வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு, தட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தான். சோறு ஆறியது. வீடு கிடைத்த சந்தோஷம் இந்திராணிக்கு நிறைய இருந்தது. அதைப் புருஷனிடமிருந்து பிடுங்கி வாங்கியது போலவும் இருந்தது. அவளும் சாப்பிடவில்லை.

காலையில் எழுந்ததும் சூரை மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். சோற்றை வடித்து, வீட்டில் இருந்த குண்டானில் கொள்கிற மட்டும் அள்ளிப் போட்டாள். "மாயாபந்தர் போட் பத்து மணிக்கு. கிளம்புங்க."

"அவன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

"எம் பின்னால வாங்க. நான் முழிச்சிக்கிறேன்."

படகுத்துறையில் மரமில் ஆட்கள் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். நிதாயின் முழங்கையில் துணி சுற்றியிருந்தது. இந்திராணி குண்டானை அவன் முன்னால் வைத்து, தனக்குத் தெரிந்த இந்தியில், "கா லோ, பாயி" என்றாள். சாப்பிடுங்கள் அண்ணா என்றாள்.

நிதாய் குண்டானைப் பார்க்கவில்லை. குழந்தைவேலுவைப் பார்த்தான். இந்தியும் அரைகுறைத் தமிழுமாகப் பேசினான். "நீ வெளிய வெளிய அடிச்சே. எங்க மெஸ்ல என்ன சொன்னாங்க தெரியுமா? நான் உனக்குக் காசு கொடுத்தேனாம். நிதாய்க்குப் பந்து பிடிக்கத் தெரியாது, விலைக்கு வாங்குறான்னு. ரெண்டு வருஷம் நான் வாயே திறக்க முடியல. நேத்துத்தான் நீ ஒழுங்கா அடிச்சே, நான் ஒழுங்கா விழுந்தேன்."

தான் காத்த மரியாதையை இன்னொருத்தன் அவமானமாகச் சுமந்திருக்கிறான் என்று குழந்தைவேலுவுக்கு இதுவரை தோன்றியதே இல்லை. மெல்ல நிதாயின் பக்கத்தில் உட்கார்ந்தான். நிதாய் முதல் கவளத்தை உருட்டி அவன் கையில் வைத்தான். மொத்த டீமும் சாப்பிட்டது. முந்தின நாளிலிருந்து பட்டினி கிடந்தவன்தான் அதிகம் சாப்பிட்டான்.

போட் கிளம்பிய பிறகு காலிக் குண்டானைத் தூக்கிக்கொண்டு இருவரும் திரும்பினார்கள். மேட்டில் ஏறும்போது குழந்தைவேலு சொன்னான்.

"அடுத்த மாசம் பட்டறை டீமோட மேட்ச் இருக்கு."

"அடிப்பீங்களா?"

"அடிப்பேன்னுதான் நெனைக்கிறேன்."

இந்திராணி காலிக் குண்டானை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு, "அப்ப சம்பளம் வந்ததும் பெரிய குண்டானா ஒண்ணு வாங்குங்க" என்றாள்.