ஸ்பாம்ல போயிருச்சு பாய்

செந்தூர்பாண்டியின் பட்டாசுக் கம்பெனிக்கு வந்த ஆர்டர்களை எல்லாம் கம்ப்யூட்டர் தீவிரவாதிகளின் கடிதம் என்று எடுத்துக்கொண்டது. அதன் மேலும் குற்றமில்லை. ‘அணுகுண்டு இருநூறு பெட்டி உடனே அனுப்பவும், போன தடவை சத்தம் போதவில்லை, ஜனங்கள் குறைப்படுகிறார்கள்’ என்று நாக்பூரிலிருந்து ஒருவர் எழுதினால், படிக்கிற எந்த மெஷினுக்கும் கை நடுங்கத்தான் செய்யும். அப்படிப்பட்ட மெயில்களை அது அள்ளி ஸ்பாம் பெட்டிக்குள் போட்டுவிடும். ஆனால் லண்டனில் வாரிசில்லாமல் செத்துப்போன துரையின் சொத்து, விழாத லாட்டரிக்கு விழுந்த பரிசு, வங்கியே அனுப்பாத வங்கி எச்சரிக்கை எல்லாம் தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நேரே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நாக்பூர்க்காரர் பதில் வராத கோபத்தில் சிவகாசியை ஒட்டின நாரணாபுரத்திலேயே, பக்கத்துக் கம்பெனிக்கு ஆர்டரை மாற்றிக் கொடுத்த பிறகுதான் செந்தூர்பாண்டி ஹர்ஷினியைக் கூப்பிட்டார். ஆமத்தூர்ப் பெண். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, ஸ்கூட்டரில் கம்பெனி கம்பெனியாகப் போய் பில் போடும் மெஷினையும் மெயிலையும் சரிபார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“குப்பை மெயில வடிகட்டுற பில்டர், தனியா காசு கட்டி வாங்குறது இருக்கு சார், நல்லா வேலை செய்யும். இல்லைன்னா மெயிலோடவே வர்றது ஒண்ணு இருக்கு. அதுல நம்மதான் ஒவ்வொண்ணா ரூல் எழுதணும்.”

“காசு கட்டுறது மாசா மாசமா, வருசத்துக்கா?”

“வருசத்துக்கு சார்.”

“குப்பை கம்மியா வந்த வருசம் கம்மியா வாங்குவானா?”

அவள் சிரித்துவிட்டாள். “அப்படி யாரும் கேட்டதில்ல சார்.”

“கேக்காம இருந்தா எவன் குறைப்பான்? சரி, சும்மா வர்றதையே வையி. ரூல் எழுதுறதுக்கு நான் இருக்கேன்.”

அன்றைக்குச் சாயங்காலம் வரை நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். யாரை உள்ளே விட வேண்டும், யாரை வாசலில் காக்க வைக்க வேண்டும், யாரை ‘மொதலாளி வெளிய போயிருக்காக’ என்று சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தாய்ப்பாலோடு வந்த கல்வி. டீலர்களின் முகவரிகளை எல்லாம் ‘எப்போதும் உள்ளே விடு’ என்ற வரிசையில் சேர்த்தார்கள். குண்டு, வெடி, ராக்கெட் போன்ற வார்த்தைகளுக்குக் கம்ப்யூட்டர் பயப்படக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். பரிசு, வாரிசு, துரை எல்லாம் வெளியே. ஹர்ஷினி பையை எடுக்கும்போது அவர் மெதுவாகக் கேட்டார்.

“தாயி, ஒரு ஆளோட மெயில் வரணும். ஆனா எங்கண்ணுல படக் கூடாது. அதுக்கு வழி இருக்கா?”

“யாரு சார்?”

“நம்ம விருதுநகர் நூகு பாய்தான்.”

முகம்மது நூகு அவருக்கு அலுமினியப் பவுடரும் மற்ற வெடிமருந்துச் சரக்கும் கொடுப்பவர். கால் நூற்றாண்டுப் பழக்கம். சண்டை எதுவும் கிடையாது, நடந்ததெல்லாம் வியாபாரம். அந்த வட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டு: ரேட்டு ஏறினால் எழுத்தில் சொல்ல வேண்டும், வாங்குகிறவர் அதைப் பார்க்கிற வரைக்கும் போட்ட ஆர்டர் பழைய ரேட்டுக்குத்தான். ‘பாக்கலை’ என்று வியாபாரி சொல்லிவிட்டால் எதிராளி அதற்கு மேல் துருவ மாட்டார். அந்த ஒரு சொல்லுக்கு அவ்வளவு மரியாதை. கடிதக் காலத்தில் தபால்காரர் மேல் பழி போனது, பிறகு ஃபேக்ஸில் காகிதம் தீர்ந்துபோனது. இப்போது ஸ்பாம்.

“பாய் மெயிலை எல்லாம் ஸ்பாமுக்கு அனுப்பிரு. சீசன்ல ஒரு வாரம் தாக்குப் பிடிச்சாப் போதும்.”

“வந்ததைப் பாத்துட்டு பாக்கலைன்னு சொல்லிரலாமே சார். இதுக்கு எதுக்கு ரூலு?”

செந்தூர்பாண்டியின் முகம் உண்மையாகவே சுருங்கியது. “பொய் சொல்லச் சொல்றியா? இத்தன வருசத்துல பாய்கிட்ட நான் பொய் சொன்னதில்ல.”

ஹர்ஷினி திரைப் பக்கம் திரும்பினாள். ரூலை எழுதினாள். “இதுக்கு ஒரு பேரு கேக்குது சார்.”

“‘பாய் பொறுங்க’ன்னு வையி.” தன் நகைச்சுவையை அவரே ரசித்துக்கொண்டார்.

“தினமும் ஒருக்கா அந்த ஸ்பாம் பெட்டியத் திறந்து பாத்துருங்க சார். சமயத்துல நல்ல மெயிலும் உள்ள போயிரும்.”

“பாத்தா, பாத்ததா ஆயிருமே தாயி.”

புரட்டாசி பிறந்தது. சீசன் கழுத்தைப் பிடித்தது. விருதுநகர்ப் பக்கம் இரண்டு நாள் நல்ல மழை. மழைக்கு மறுநாள் காலையில் நூகு பாயின் போன் வந்தது. செந்தூர்பாண்டி எடுக்கவில்லை. ஓய்ந்து, மறுபடி வந்தது. பவுடர் ரேட்டு ஏறப் போகிறது என்று சிவகாசி டீக்கடைகளில் எல்லாம் பேச்சு. போனை மேசை மேல் கவிழ்த்து வைத்தார்.

மருந்து கலக்குகிற சங்கிலிமுத்து வாசலில் வந்து நின்றார். விஸ்வநத்தத்துக்காரர். கலவைக்குக் கை வைத்தால் கம்பெனியில் அவரைத் தாண்டி ஆள் கிடையாது.

“மொதலாளி, பழைய பவுடர் முடிஞ்சுபோச்சு. பாய்கிட்டயிருந்து நேத்து வந்த புது டிரம்ம உடைக்கட்டுமா?”

“உடை. பாய் ரேட்டு ஏத்துறதுக்குள்ள கலந்து முடிச்சிரு, பழைய ரேட்டுலயே இன்னொரு ஆர்டரும் போட்டுரலாம்.”

“போன் கெடந்து துடிக்குதே, எடுக்க மாட்டீகளா?”

“அது போன் இல்லலே, ரேட்டு. எடுத்தா கடிக்கும்.”

சங்கிலிமுத்து சிரித்துக்கொண்டே போனார். போகிற வழியில், உள்ளே வேலைக்குப் போகிற எல்லோரையும் போலத் தன் போனையும் கேட்டில் இருக்கிற பெட்டியில் போட்டார். நெருப்புப் பயத்துக்காக வைத்த நல்ல ஏற்பாடு அது. கொஞ்ச நேரத்தில் பாய் அந்த எண்ணுக்கும் அடித்தார். பூட்டின பெட்டிக்குள் அது அடித்து ஓய்ந்தது.

செந்தூர்பாண்டியின் ஸ்பாம் பெட்டியில் அப்போது பாயின் மெயில் கிடந்தது. அதில் ரேட்டைப் பற்றி ஓர் எழுத்துக்கூட இல்லை. ‘அண்ணாச்சி, குடோன் கூரை ஒழுகி, உங்களுக்கு அனுப்பின டிரம்களில் ஈரம் இறங்கியிருக்கிறது. அதே வரிசையில் என்னிடம் இருக்கிற டிரம் கை வைக்க முடியாமல் சுடுகிறது. வெளியே பார்த்தால் தெரியாது. தயவுசெய்து யாரையும் திறக்க விடாதீர்கள். திருப்பி எடுத்துக்கொள்ள நானே வண்டியோடு வருகிறேன்.’ செத்துப்போன லண்டன் துரைக்கும் விழாத லாட்டரிக்கும் நடுவில், திறக்காமல் கிடந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மேசை மேல் இருந்த தண்ணீர் டம்ளர் குலுங்கியது. பிறகுதான் சத்தம். அந்த ஊரில் அந்தக் குலுங்கலை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. செந்தூர்பாண்டி செருப்பில்லாமல் ஓடினார். கலவை அறை இருந்த இடத்தில் மூன்று சுவர் நின்றது. பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் எல்லோரும் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். சங்கிலிமுத்து வரவில்லை. காகிதக் குழல் உருட்டும் பகுதியிலிருந்து அவர் மனைவி ராக்காயி வந்தாள். கை முழுக்கப் பசையோடு, ஓடாமல், நடந்துதான் வந்தாள்.

தீயணைப்பு வண்டிக்குப் பின்னாலேயே ஒரு காலி லோடு வண்டி வந்து நின்றது. நூகு பாய் இறங்கினார். புகையைப் பார்த்தார். பிறகு செந்தூர்பாண்டியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“மெயில் போட்டேனே அண்ணாச்சி… விடியக்காலமே போட்டேனே. போனும் போட்டேனே…”

என்ன மெயில் என்று செந்தூர்பாண்டி கேட்கவில்லை. காலி வண்டியையும் அந்த மூன்று சுவரையும் பார்த்ததும் புரிந்துபோயிற்று. வாயில் தயாராக இருந்தது ஒரே ஒரு பதில்தான். ரேட்டுக்காகப் பழகி வைத்திருந்த பதில்.

“பாக்கலை பாய். ஸ்பாம்ல போயிருச்சு.”

பாய் நம்பினார். வழக்கப்படி துருவவில்லை. “பாழாப்போன மெசினு,” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

ஊரும் நம்பியது. எச்சரித்தவர் எச்சரித்துவிட்டார், பார்க்க வேண்டியவர் கண்ணுக்கு அது வரவில்லை, நடுவில் கம்ப்யூட்டர் முழுங்கிவிட்டது. எல்லோருக்கும் வசதியான கதை, ஒரு ஆளைத் தவிர. கம்ப்யூட்டருக்கு பில்டர் வைத்தது யார் என்று அடுத்த கேள்வி வந்தது. ஆமத்தூர்ப் பொண்ணு. ‘அரைகுறையாப் படிச்சுட்டு வந்து ஆளக் கொன்னுட்டா’ என்று அச்சாபீஸ்களில் பேசிக்கொண்டார்கள். ஹர்ஷினியிடம் ஒவ்வொரு கம்பெனியாக ‘இனிமே வர வேண்டாம்மா’ என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் செந்தூர்பாண்டியைத் தேடி வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அந்த ரூலை எதுக்கு வச்சோம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சார்.”

“சொன்னா லைசென்ஸ் போயிரும் தாயி. எம்புட்டுக் குடும்பம் இதை நம்பியிருக்கு, பாரு. நீ என்னத்துக்கு அலையுறே? நம்ம கம்பெனி வேலை பூராவும் உனக்கே தாரேன், ஆயுசுக்கும்.”

“இதுலயும் பேரம் பேசுறீகளா சார்?” என்றாள். ஸ்கூட்டர் சத்தம் கேட் தாண்டிப் போகும் வரைக்கும் அவர் தலை நிமிரவில்லை.

ராக்காயி ஒரே ஒரு தடவை கேட்டாள். காரியம் முடிந்த அன்றைக்கு, பந்தலுக்குள், எல்லோரும் கேட்கும்படி. “மொதலாளி, அந்தக் கம்ப்யூட்டரு ஒழுங்காக் காட்டியிருந்தா எம்புருசனைத் தடுத்திருப்பீகதான?”

“தடுத்திருப்பேன்ம்மா,” என்றார். அது உண்மை. உண்மையைச் சொல்லிக்கொண்டே ஒரு மனுஷன் எவ்வளவு தூரம் போக முடியும் என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

விசாரணை அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்ததும் செந்தூர்பாண்டி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். தட்டுத் தடுமாறி ரூல் இருக்கிற பக்கத்தைக் கண்டுபிடித்தார். ‘பாய் பொறுங்க. இதை நீக்கலாமா?’ என்று திரை கேட்டது. நீக்கினார். அந்த மெயில் ஸ்பாம் பெட்டியில்தான் இருந்தது. அது அங்கேயே இருக்கட்டும், அங்கே தள்ளிய கை மட்டும் தெரியக் கூடாது.

அதிகாரி மறுநாள் வந்தார். நூகு பாயையும் ஹர்ஷினியையும் வரச் சொல்லியிருந்தார். ஹர்ஷினி சுவரோரமாக நின்றாள். அதிகாரி ஸ்பாம் பெட்டியைத் திறந்து பாயின் மெயிலைப் படித்தார், தேதியைக் குறித்துக்கொண்டார்.

“இது தானாவே இங்க வந்துச்சா?”

“ஆமா சார்.” செந்தூர்பாண்டி சொன்ன முதல் முழுப் பொய் அதுதான்.

அதிகாரி ஹர்ஷினியின் பக்கம் திரும்பினார். அவள் வாயைத் திறப்பதற்குள் நூகு பாய் முந்திக்கொண்டார். கால் நூற்றாண்டுப் பழக்கத்தை இப்படி ஒரு இடத்தில் விட்டுக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

“சார், அண்ணாச்சி பொய் சொல்ற ஆளு இல்ல. நான் என்ன போட்டாலும் அந்தக் குப்பையிலதான் போய் விழுது. வேணும்னா இப்பவே ஒண்ணு போடுறேன், நீங்களே கண்ணால பாத்துக்கங்க.”

“பாய், வேண்டாம் பாய்…” என்றார் செந்தூர்பாண்டி.

“சும்மா இருங்க அண்ணாச்சி. உங்க மேல தப்பில்லன்னு தெரியணும்ல.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் போனில் மெதுவாகக் குத்தி அனுப்பினார். நாலு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஸ்பாம் பெட்டியில் ஒன்றும் அசையவில்லை. மெயில் மணி அடித்தது. எல்லா டீலர்களின் ஆர்டர்களுக்கும் மேலே, முதல் வரியாக, கறுப்புத் தடித்த எழுத்தில், பாயின் பெயர் வந்து நின்றது.

“நேரா வந்திருச்சே,” என்றார் அதிகாரி. “நடுவுல யார் கை வச்சது?”

“நான் அன்னைக்கு வச்சதோட சரி சார். அப்புறம் தொடலை,” என்றாள் ஹர்ஷினி.

நூகு பாய் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். அவரும் வியாபாரிதான், யாரும் எதையும் விளக்கவில்லை. அவர் எடுக்கப்படாத போன்களை நினைத்தாரோ, இத்தனை வருஷத்துப் ‘பாக்கலை’களை நினைத்தாரோ, தெரியவில்லை. செந்தூர்பாண்டியின் பக்கம் திரும்பவே இல்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெளியே போய், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

“திறங்க, என்ன எழுதியிருக்காருன்னு பாப்போம்,” என்றார் அதிகாரி.

திறக்க வேண்டிய அவசியமே இல்லை. பாயின் பெயருக்குப் பக்கத்திலேயே அந்த ஒரு வரி தெரிந்தது. அவசரத்தில் வேறு எதுவும் தோன்றாமல், போனில் எப்போதும் முதலில் கேட்பதையே பாய் எழுதியிருந்தார்.

‘அண்ணாச்சி, சாப்பிட்டீகளா?’