அழாமல் பிறந்த குழந்தை

"சத்தம் கேக்குதுன்னு மட்டும் டாக்டர்கிட்ட போய் சொல்லிடாத. தூக்கம் வரலைன்னு சொல்லு, போதும்." கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே மாமியார் மருமகளுக்குத் தலைவாரிவிட்டாள். சீப்பு சிக்கில் மாட்டி இழுத்தது. "இந்தத் தடவையும் சரியாகலைன்னா உன்ன உங்கம்மா வீட்டுல விட்டுடலாம்ங்கறான் உன் புருஷன். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

மருமகள் தலையாட்டினாள். அப்போதும் பக்கத்து அறையில் குழந்தை அழுதுகொண்டுதான் இருந்தது. அந்த அறையில் துணி காயும் கொடியைத் தவிர வேறொன்றும் கிடையாது. செத்துப் பிறந்த பிள்ளையை அவள் கண்ணில் காட்டாமலே எடுத்துப் போய்விட்டார்கள். முகத்தைப் பார்த்தால் அடுத்தது தங்காது என்பது அந்தக் குடும்பத்தின் எழுதாத சட்டம். அதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவும் கூடாது.

போன தடவை பார்த்த மனநல டாக்டர் நல்ல மனிதர்தான். "உங்க வேதனை எனக்குப் புரியுது" என்று கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துச் சொன்னார். திரைக்கு என்ன வேதனையோ, பாவம். கேள்விக்கெல்லாம் மாமியாரே பதில் சொன்னாள். மாத்திரை மட்டும் மருமகளுக்குக் கிடைத்தது.

இந்த முறை வாய்த்தவள் ஒரு நடுவயது ஆலோசகர். மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். மேஜைக்குப் பின்னால் போகாமல், நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"தூக்கம் வரல," என்றாள் மருமகள்.

"சரிம்மா." அதற்குமேல் அவசரப்படுத்தவில்லை.

"குழந்தை அழுவுற சத்தம் கேக்குது." சொல்லியே விட்டாள்.

"எப்படி அழுவுது? பசிக்கற மாதிரியா?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. "பசி இல்ல மேடம். தனியா விட்டுட்டுப் போனா அழுமே, அப்படி. பொறந்தப்போ அது அழவே இல்ல."

ஆலோசகரின் கண் கலங்கியது. அவள் அதை மறைக்கவில்லை. "பாக்க எப்படி இருந்துச்சு?"

"எனக்குக் காட்டல. அத்தை பாத்திருப்பாங்க. கேக்க பயமா இருக்கு."

"நான் கூட இருக்கேன். இப்போ கேக்கலாமா?"

மாமியார் உள்ளே வந்ததும் மருமகள் ஆலோசகரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, கொழந்தை யாரு ஜாடை?"

மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் பாக்கலம்மா. துணியில சுத்திக் குடுத்தாங்க. உன் புருஷனும் பிரிச்சுப் பாக்கல. பாக்கக் கூடாதுன்னு அப்படியே கொண்டுபோயிட்டோம்."

"பெத்தவளும் பாக்கல, அப்பனும் பாக்கல, நீங்களும் பாக்கல. அப்புறம் அது அழாம என்ன அத்தை செய்யும்?"

மாமியார் தலை நிமிரவில்லை. "வா, போலாம். வெளிய உன் புருஷன் காத்துக்கிட்டிருக்கான்."

மருமகள் எழுந்திருக்கவில்லை.

"அவரயும் உள்ள வரச் சொல்லுங்க அத்தை. எங்கம்மா வீட்டுக்கு அனுப்பறதா இருந்தா, இத உக்காந்து கேட்டுட்டு அனுப்பட்டும்."