மைக்கை நிறுத்தவைத்த பாட்டுக்காரி

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுக்கும் வேலை அவளுக்கு. நாளொன்றுக்கு எண்பது பேர் திட்டுவார்கள். எண்பது பேருக்கும் ஒரே பதில்தான்: "மூணு நாள்ல சரியாயிடும் சார்." சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், ஒருநாள் அதற்கு மெட்டுப் போட்டாள்.

"மூணே நாளு பொறுங்க ஐயா, முப்பது வருஷமா சொல்றோம் மெய்யா" என்ற அந்தப் பாட்டை, ஒருவரின் பணி ஓய்வு விழாவில் கிடார் வாசித்துப் பாடினாள். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தாள். மேலதிகாரியோ கண்ணில் நீர் வரச் சிரித்தார். யாரோ அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டுவிட, தண்ணீர் வராத வீடுகளுக்கெல்லாம் பாட்டு வந்து சேர்ந்தது.

வேலையை விட்டாள். நிகழ்ச்சிகளுக்குத் தேதி கொடுக்கும் பொறுப்பை அக்கா எடுத்துக்கொண்டாள். பஸ் தாமதத்தைப் பற்றிப் பாடினால், போக்குவரத்து அதிகாரி குடும்பத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டார். ஆஸ்பத்திரி வரிசையைப் பற்றிப் பாடினால், மருத்துவர்கள் கேடயம் கொடுத்தார்கள். ஓயாமல் அறிவுரை சொல்லும் அத்தானையும் கிழிகிழியென்று கிழித்துப் பார்த்தாள்.

"என்னைப் பத்தி ரெண்டே சரணம்தானா? கேட்டிருந்தா நானே பாயிண்ட் எடுத்துக் கொடுத்திருப்பேனே!" என்று குறைபட்டார் அவர்.

யாருக்குமே உறைக்கவில்லை. ஆறு வருடங்கள் இப்படியே ஓடின.

பெரிய ஆஸ்பத்திரியில் புதிய கட்டடத் திறப்பு விழா. வரிசைப் பாட்டைத்தான் விரும்பிக் கேட்டிருந்தார்கள். மேடைக்குப் போகும் வழியில், வராந்தாத் தரையில் காய்ச்சல் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் அவளை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீங்கதானே அந்தப் பாட்டு பாடுறவங்க? ரொம்ப நல்லா இருக்கும்கா. நாலு நாளா வர்றேன், இன்னும் டோக்கன் கிடைக்கல."

மேடையேறியவள் கிடாரைக் கீழே வைத்தாள். அந்தப் பெண் சொன்னதை, எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது உட்பட, அப்படியே சொன்னாள். கூட்டம் முதலில் சிரித்தது. இன்னும் கொஞ்சம் சிரித்துவிட்டு, நகைச்சுவை எப்போது வரும் என்று காத்திருந்தது. அதற்குள் மைக்கை நிறுத்திவிட்டார்கள்.

கூட்டத்தில் பாதி வராந்தாவை எட்டிப் பார்த்ததால், குழந்தையை உடனே உள்ளே கூட்டிப்போனார்கள். அந்த ஒரு குழந்தையை மட்டும்.

ஒப்புக்கொண்டிருந்த பதினோரு நிகழ்ச்சிகளும் அடுத்த வாரத்துக்குள் ரத்தாகிவிட்டன. அக்கா நாட்குறிப்பை மேஜையில் விட்டெறிந்தாள்.

"பாடுறதோட நிறுத்தியிருக்கக் கூடாதா? உனக்கு எதுக்குடி பேச்சு?"

"பாடினா கை தட்டுறாங்கக்கா. பேசினாத்தான் காதுல விழுது."

அக்காவுக்குக் கோபம் அடங்கவில்லை. ஆனாலும் தொலைபேசி அடித்ததும் எடுத்தாள். கேட்டுவிட்டு, தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"வக்கீல் சங்கத்துலேர்ந்து கூப்பிடுறாங்க. பாட்டு மட்டும்தானாம். பேசவே கூடாதாம்."

தங்கை கிடாரின் தளர்ந்த கம்பியை முறுக்கினாள்.

"சரி, வர்றோம்னு சொல்லு. மைக் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்குன்னும் கேட்டுக்கோ."