வௌவால் குகையில் கிடந்தவன்

அம்மாசியின் மண்வெட்டி எதிலோ பட்டு 'ணங்' என்றது. அதுவரை உரத்துக்கு வௌவால் எச்சத்தை மாவு அள்ளுவதுபோல் மெத்தென்று அள்ளிக்கொண்டிருந்த மனிதர், குனிந்து பார்த்துவிட்டுப் பின்னுக்கு நகர்ந்து, குகைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டார். கூடையைத் தலைக்கு ஏற்றப்போன செல்லாயிதான் கிட்டே போனாள். கறுத்த புழுதிக்குள் ஒரு மண்டையோடு பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வழுவழுப்பான கல். மண்டையோட்டில் பல்லெல்லாம் சிவப்பாக இருந்தது.

அந்தச் சிவப்பைப் பார்த்ததும் அவள் கூடையைக் கீழே வைத்தாள். அவள் புருஷன் இருளப்பன் ஓயாமல் வெற்றிலை போடுகிறவன். கண் விழித்ததும் வாய் சிவக்க வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்கு ரப்பர் மரம் சீவக் கை வராது என்பான். ஜப்பான்காரன் வந்து அரிசி அற்றுப்போன காலத்திலும் எங்கிருந்தோ நாலு வெற்றிலை கொண்டுவந்துவிடுவான். சோற்றுக்கு இல்லாத சாமர்த்தியம் வெற்றிலைக்கு எங்கிருந்து வருகிறது என்று அவள் எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறாள்.

போன வருஷம் ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் கேட்டபோது எழுதிய பட்டியலில் அவன் பெயர் இருந்தது. பட்டியலை எழுதியவர் ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி தர்மலிங்கம். லாரி வருவதற்கு மூன்று நாளைக்கு முன்னால் இருளப்பன் இந்த மலைப்பக்கம் ஏறிவிட்டான். அது செல்லாயி ஒருத்திக்குத்தான் தெரியும். இரண்டு நாள் விடியுமுன் போய் அவித்த மரவள்ளிக் கிழங்கை இலையில் கட்டி மலையடி மூங்கில் புதரில் வைத்துவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் போனபோது முந்தைய நாள் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. எறும்பு மொய்த்திருந்தது. அன்று மத்தியானம் கிராணி அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டு, உன் புருஷன் காலையில் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும் முன்னாலேயே தானாக வந்து கைநாட்டு வைத்துவிட்டு, முதல் லாரியில் தாவி ஏறிப் போய்விட்டான் என்றார். சிரித்துக்கொண்டே ஏறினான் என்று அவள் கேட்காமலே ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்குச் செரிக்கவில்லை. இருளப்பன் கல்யாணத்தன்றுகூடச் சிரிக்காதவன். அதற்குப் பிறகு கிராணி அவளுக்கு இலேசான வேலையாகப் பார்த்துக் கொடுத்தார். அரிசி அளக்கும்போது ஒரு பால் டின் கூடுதலாகப் போட்டார், அதுவும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. தொழிலாளர் லயத்துப் பெண்கள் அதற்கு வேறு கணக்குப் போட்டார்கள். செல்லாயி மறுக்கவில்லை. அவளுடைய சந்தேகம் அதைவிடப் பெரிதாக இருந்ததால் இந்தச் சின்னப் பேச்சு அவளைத் தொடவேயில்லை. ஒரு வருஷமாகத் தாலியைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் அதை வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று தெரியாமல் கையை எடுத்துவிடுவாள்.

செய்தி கேட்டுக் கிராணி தர்மலிங்கம் மலைக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கூடவே கோலா கெத்தில் ஊர்க் கடைக்காரர் நடராஜாவும் வந்தார். அவர் கடையில் விற்க ஒன்றும் இல்லாமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பேச்சு மட்டும் தீரவில்லை. அதைச் செலவழிக்க வாரத்துக்கு ஒரு நாள் தோட்டத்துக்கு வருவார். கிராணியின் முகம் சாம்பல் பூத்திருந்தது. எதையும் தொடாமல், தலை முதல் கால்வரை மண்ணைத் துடைத்துக் காட்டும்படி அம்மாசியிடம் சொன்னார். அம்மாசி மனமில்லாமல் துடைத்தார். உள்ளே கிடந்தவன் முழங்கால்களை நெஞ்சோடு மடக்கி, குளிரில் சுருண்ட ஆளைப்போல ஒருக்களித்துப் படுத்திருந்தான். கிராணி குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. அதோடு நிற்காமல் குஷியும் வந்துவிட்டது. மண்டையோட்டைப் பார்த்துக் குஷிப்படும் மனிதனைச் செல்லாயி அன்றுதான் பார்த்தாள்.

குஷிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஜப்பான்காரனுக்குப் பயந்து ஓடிப்போன தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஞாயிற்றுக்கிழமைதோறும் குகை குகையாகப் போய்க் கல்லும் எலும்பும் பொறுக்கியவர். அவர் எழுதியதையெல்லாம் டைப் அடித்துக் கொடுத்தது கிராணிதான். அடித்து அடித்து அவரும் பாதித் துரை ஆகிவிட்டார். துரை போன பிறகு அந்தப் படிப்பைக் காட்ட ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார். இப்போது வாய்ப்பு வந்து மடியில் விழுந்தது. இவன் இரும்பு தெரியாத காலத்து மனுஷன், மூவாயிரம் நாலாயிரம் வருஷத்துக்கு முந்தியவன் என்று ஆரம்பித்தார். இப்படி மடக்கிப் புதைப்பது அவர்கள் வழக்கமாம். புதைக்கும்போது பிணத்தின்மேல் காவி மண்ணைத் தூவுவார்களாம். பல்லில் ஏறியிருக்கும் சிவப்பு அதுதானாம். பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்து, தீட்டிய விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக் காட்டி, இது அவன் கோடாலி என்றார்.

அது கோடாலி இல்லை, இடி விழுந்த இடத்தில் மண்ணுக்குள் கிடைக்கும் கல் என்றார் அம்மாசி. மலாய்க்காரர்கள் பாத்து லிந்தார் என்று சொல்லி நெல்லுக்குள் போட்டுவைப்பார்களாம், வீட்டில் இடி விழாதாம். அவர் பேச்சை இரண்டு பேருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நடராஜாவுக்குச் சொந்தமாக ஒரு கட்சி இருந்தது. இந்தக் கெடாச் சீமைதான் பழைய கடாரம். கடாரத்தைப் பிடித்தவன் இராஜேந்திர சோழன். அப்படியிருக்க இந்த மலையில் கிடக்கும் எலும்பு சோழப் படைவீரன் எலும்பாக இல்லாமல் வேறு யாருடையதாக இருக்கும்? பல்லில் இருப்பது காவியும் இல்லை, கீவியும் இல்லை, வெற்றிலைக் கறை. தமிழன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று கேட்டார். அப்படியானால் வாள் எங்கே என்றார் கிராணி. துருப்பிடித்து மண்ணாய்ப் போயிருக்கும் என்றார் நடராஜா. வாள் மண்ணாய்ப் போன இடத்தில் பல் மட்டும் வெற்றிலைக் கறையோடு இருக்குமா என்று கிராணி மடக்கினார். நடராஜாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"வெள்ளக்காரன் ஓடியே போயிட்டான். அவன் சொன்ன கதைய மட்டும் ஏன் கிராணியாரே கட்டிக்கிட்டு அழுவுறீங்க?"

கிராணி சட்டென்று குகை வாசலைப் பார்த்தார். வெள்ளைக்காரனை நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று எவனாவது ஜப்பான்காரன் காதில் போட்டுவிட்டால் போதும், அடுத்த எலும்பு அவருடையதாக இருக்கும். வாசலில் யாரும் இல்லை.

செல்லாயி இவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே அந்த மடங்கிய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாயிரம் வருஷம் என்றால் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. மலைக் காய்ச்சல் வந்தால் மனிதர்கள் இப்படித்தான் சுருண்டு கிடப்பார்கள் என்பது தெரியும். பசித்தாலும் இப்படித்தான். சோழனும் வேண்டாம், துரையும் வேண்டாம், அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதை உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

"இது எம்புருசனா இருந்தா?"

முதலில் சுதாரித்துக்கொண்டவர் நடராஜாதான். கிராணியை மட்டம் தட்டக் கிடைத்த வழியை அவர் விடுவாரா? அதுவும் நியாயம்தானே, போன வருஷம் எத்தனையோ பேர் லாரிக்குப் பயந்து மலை ஏறினார்கள், வெற்றிலைப் பல் வேறு என்று இழுத்தார். ஒரு நொடி முன்னால் சோழ வீரனாக இருந்தவனை அவ்வளவு சுலபமாகக் கைகழுவிவிட்டார்.

கிராணிக்கு அது பொறுக்கவில்லை. முழங்கையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டத் தொடங்கினார். பற்கள் மணலோடு மென்று மென்று தட்டையாகத் தேய்ந்திருந்தன. இருளப்பனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, அவன் பல் இப்படித் தேயுமா? ஒரு வருஷத்து எலும்பில் வாடை இருக்கும், இதில் இருக்கிறதா? விரல் எலும்பு ஒன்றை எடுத்துத் துடைத்து, எல்லாரும் பார்க்க நாக்கில் வைத்தார். அது பசைபோல் நாக்கில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. அம்மாசி முகத்தைச் சுளித்துத் திரும்பிக்கொண்டார். சத்தெல்லாம் வற்றிப்போன பழைய எலும்புதான் இப்படி ஒட்டும் என்றார் கிராணி, அதைப் பிடுங்கிக்கொண்டு.

அவர் சொன்னதில் பொய் இல்லை என்று செல்லாயிக்கே பட்டது. இந்த மனிதர் இவ்வளவு தெளிவாகப் பேசி அவள் கேட்டதில்லை. நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது. இருளப்பன் எங்கோ சயாம் காட்டில் கல் உடைத்துக்கொண்டிருக்கிறான், வருவான். ஒரு வருஷமாக இந்த மனிதரை அநியாயமாகச் சந்தேகப்பட்டோமோ என்றுகூட நினைத்தாள். கூடையை எடுக்கக் குனிந்தாள்.

நடராஜா மட்டும் இறங்கி வரவில்லை. நாக்கில் ஒட்டுவதெல்லாம் ஒரு சாட்சியா, சப்பிப் போட்ட கோழி எலும்பும்தான் ஒட்டும் என்றார். கிராணிக்கு மூக்கு விடைத்தது. ஜெயித்து முடித்த வழக்கை மறுபடியும் ஜெயிக்கவேண்டிய வேகம் அவருக்கு வந்துவிட்டது.

"அட, பல்ல விடுங்கண்ணே, நாக்கயும் விடுங்க. காலப் பாருங்க லா. ரெண்டு காலும் முழுசா இருக்கு, ஒரு கீறல் இல்ல. இருளப்பனா இருந்தா முட்டிக்குக் கீழ ஒடிஞ்சில்ல இருக்கணும்?"

சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். நடராஜா யோசித்தார். அது யார் கால், எப்போது ஒடிந்தது என்பதெல்லாம் அவர் புத்தியில் ஏறவில்லை. இந்தப் பேச்சில் தோற்றாயிற்று, இனிச் சோழனிடமே திரும்பிவிடுவது நல்லது என்று தோன்றியிருக்க வேண்டும். படையோடு எத்தனை கப்பல் வந்தது தெரியுமா என்று அம்மாசியின் பக்கம் திரும்பினார்.

செல்லாயி குனிந்த வாக்கிலேயே நின்றாள். மலைக்குப் போகும்போது இரண்டு காலும் நன்றாக இருந்தவன். தாவி ஏறியவன். சிரித்துக்கொண்டே ஏறியவன். அவளுக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கூடையைக் கீழேயே வைத்துவிட்டு, கிராணிக்கு எதிரே வந்து எலும்பின் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல், பாடம் கேட்கிறவள்போலக் கேட்டாள்.

"எந்தக் காலுங்க ஐயா?"

பேச்சின் வேகம் அவருக்கு இன்னும் அடங்கியிருக்கவில்லை. வாய் திறப்பதற்குள் அவர் கை தானாகவே இறங்கி, தன் இடது முழங்காலுக்குக் கீழே தொட்டுக் காட்டியது. அதற்குப் பிறகுதான் அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பின்னால் நடராஜா கப்பல்களை எண்ணிக்கொண்டிருந்தார். கிராணியின் கை அந்த இடத்திலேயே இருந்தது. எடுக்கவும் இல்லை, அசைக்கவும் இல்லை.