ஹாரன் இருந்த இடம்

கப்பல் வந்த நாட்களில் கார்குழலி அறுபது கார் வரை ஓட்டுவாள். எண்ணூர்த் துறைமுக யார்டில் வரிசையாக நிற்கும் ஏற்றுமதிக் கார்களைக் கப்பலுக்குள் கொண்டுபோய் நிறுத்துவது அவள் வேலை. நிறுத்தி இறங்கினால் வேன் காத்திருக்கும். அதில் ஏறி யார்டுக்குத் திரும்பினால் அடுத்த கார். நாலைந்து கம்பெனிகளின் கார்கள். சிலவற்றுக்கு ஸ்டியரிங் வலப்பக்கம், வேறு நாடுகளுக்குப் போகிறவற்றுக்கு இடப்பக்கம். இண்டிகேட்டர் குச்சி ஒன்றில் வலக்கைப் பக்கம் இருக்கும், அடுத்ததில் இடக்கைப் பக்கம். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைத் தட்டிவிடுவார்கள். வெயில் கொளுத்தும்போது ஒரு கார் வைப்பரை ஆட்டிக்கொண்டு போனால், ஓட்டுவது புது ஆள் என்று யார்டுக்கே தெரிந்துவிடும்.

கார்குழலிக்கு அந்தத் தடுமாற்றமெல்லாம் முதல் மாதத்தோடு போயிற்று. அதற்கு முன் எட்டு வருஷம் காசிமேட்டிலிருந்து மார்க்கெட்டுகளுக்கு மீன் ஏற்றிப் போகும் குட்டி யானை வண்டியை ஓட்டியவள். கணவன் வல்லரசு விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். எர்ணாவூரில் குடியிருப்பு. ஒரே மகள் அம்மு ஏழாவது படிக்கிறாள். கார்குழலி உயரம் குறைந்தவள், கைகளும் சின்னவை. சீட்டை முடிந்தமட்டும் முன்னால் இழுத்துப்போட்டுத்தான் உட்காருவாள். திருப்பும்போது மற்றவர்களைப் போல வளையத்தைப் பிடித்து இழுக்கமாட்டாள். உள்ளங்கையை மேலே வைத்து, உடம்பின் கனத்தைக் கொடுத்துத் தள்ளுவாள். பவர் ஸ்டியரிங் இல்லாத மீன் வண்டியில் வந்த பழக்கம் அது. அவளோடு வேலை செய்கிறவர்கள் கொயலி என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஆவணியில் ஒரு புது மாடல் கார் வந்து இறங்கியது. அதில் ஹாரன் ஸ்டியரிங்கின் நடுவில் இல்லை. நடுவிலிருந்து வளையத்துக்குப் போகும் வலப்பக்கக் கட்டையில், கண்ணாடி போல வழவழப்பாக ஒரு கறுப்புப் பட்டை இருந்தது. பாட்டுச் சத்தம், போன், ஹாரன் என்று எல்லாவற்றுக்கும் அதில் சின்னச் சின்னப் படங்கள். அமுக்கவேண்டியதில்லை, தொட்டாலே போதும்.

ஓட்டுநர்களின் மேஸ்திரி தண்டபாணி முதல் காரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஹாரன் எங்க கீதுன்னு தேடறதுக்குள்ள எதுர வர்றவன் பூடுவான்" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். கப்பலுக்குள் ஹாரனுக்கு எப்படியும் வேலை இல்லை. அங்கே எல்லாம் விசில்தான். ஹாரன் ஒலித்தால் ஆபத்து என்று அர்த்தம், அந்தத் தளத்தில் இருக்கிற அத்தனை பேரும் அப்படியே நிற்கவேண்டும்.

மூன்றாம் நாள் மதியம் ஐந்தாவது தளத்தில் அது நடந்தது. நிறுத்திய கார்களைப் பெல்ட் போட்டுத் தரையோடு கட்டும் லோகநாதன், கார்குழலியின் காருக்கு எதிரே நின்று கையால் ஜாடை காட்டியபடி பின்னால் நடந்துகொண்டிருந்தார். ஒரு தூணைச் சுற்றி இடப்பக்கம் முழுக்க ஒடிக்கவேண்டிய இடம், அந்த மாடலில் அவளுக்கு அப்படி வாய்த்தது அதுதான் முதல் முறை. கார்குழலி ஒடித்தாள். திடீரென்று ஹாரன் அலறியது. இரும்புச் சுவர்களுக்குள் அந்தச் சத்தம் நாலு பக்கமும் மோதித் திரும்பியது. லோகநாதன் திடுக்கிட்டுப் பின்னால் துள்ளினார். தரையில் கிடந்த பெல்ட் காலில் சிக்கி, கணுக்கால் மடங்க விழுந்தார். கார்குழலி பிரேக்கை மிதித்தபோது காருக்கும் அவருக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது.

கணுக்காலில் எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்டு அவரை ராயபுரத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் காண்டிராக்டரின் அதிகாரி செங்குட்டுவன் கார்குழலியைக் கூப்பிட்டார். அவர் கத்துகிற மனிதர் அல்ல.

"கப்பல் உள்ள ஹாரன் அடிக்கக் கூடாதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார். நான் அடிக்கல."

"அப்ப தானா அடிச்சுதா?"

விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். கேட்டைத் தாண்டி வந்து பஸ்ஸுக்கு நின்றாள். விழுந்த மனிதரின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒருவேளை நான்தான் அடித்தேனா, தெரியாமல் எங்காவது கை பட்டதா என்று பஸ்ஸிலும் அதே நினைப்பு.

இரண்டு நாள் வீட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் காலை, சமையலறையிலிருந்த பெரிய சில்வர் தாம்பாளத்தை எடுத்து மடிக்கு நேராகச் சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் சுற்றிப் பார்த்தாள். மறுபடி சுற்றினாள். கடலிலிருந்து அப்போதுதான் வந்திருந்த வல்லரசு வாசலில் நின்று பார்த்தான்.

"இன்னா பண்ற?"

"கம்முனு இரு. அந்தக் கரியை எடு."

அவன் அடுப்புக்கரித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். தட்டின் வலப்பக்கத்தில், அந்தப் பட்டை இருக்கும் இடத்தில் ஒரு கோடு போட்டாள். நேராக ஓட்டும்போது கோடு பக்கவாட்டில் இருந்தது. இடப்பக்கம் ஒடிக்க ஒடிக்கக் கோடு மேலே ஏறியது. அவள் உள்ளங்கை எப்போதும் மேலேதான் இருக்கும். முழுக்க ஒடித்துவிட்டுக் கையை எடுத்துப் பார்த்தாள். மணிக்கட்டுக்கு மேலே, உள்ளங்கையின் அடிமேட்டில் கரி அப்பியிருந்தது.

"பாரு. நான் அதுகிட்ட போவல. அதுதான் என் கைக்கு வந்துகீது" என்றாள்.

வல்லரசு தட்டை வாங்கித் தானும் சுற்றினான். அவன் கையில் கரி ஒட்டவில்லை. அவன் ஓரமாகப் பிடித்து இழுத்தான். "எனக்குப் படலியே" என்றான்.

"அதான் மேட்டரு. எல்லாருக்கும் படாது."

அன்று சாயங்காலமே ராயபுரம் போனாள். லோகநாதன் காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். வாங்கி வந்த பழத்தை அவர் மனைவி தாயம்மாவிடம் கொடுத்துவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"வலி எப்படிண்ணா கீது?"

"கீது. இப்பதான் உனக்கு வழி தெரிஞ்சுதா?"

"அன்னிக்கே வந்தேன். நீ தூங்கிகினு இருந்த." அவள் ஸ்டூலுக்குக் கிட்டே நகர்ந்தாள். "அண்ணே, நான் ஹாரன் அடிக்கல."

"வந்துச்சே. என் காது இன்னா செவுடா?"

"வந்துச்சு. இல்லேன்னு சொல்லல. நீ என் எதுராலதானே நின்னுகினு இருந்த. என் கை எங்க இருந்துச்சு, அத்த மட்டும் சொல்லு."

தாயம்மா கொண்டுவந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு லோகநாதன் யோசித்தார்.

"நாங்க டிரைவர் மூஞ்சியப் பாக்க மாட்டோம். கையத்தான் பாப்போம். கை எந்தப் பக்கம் சுத்துதோ அந்தப் பக்கம் வண்டி வரும். உன் கை மேல இருந்துச்சு, வளையத்து மேல. நடுவுல போவல."

"அந்த வண்டில ஹாரன் நடுவுலயே இல்லண்ணா."

அவள் தாயம்மாவிடம் ஒரு தட்டு கேட்டு வாங்கி, சுற்றிக் காட்டினாள். லோகநாதன் தட்டையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்த அங்க கொண்டுபோயி வெச்சது யாரு?"

"தெரில. கேக்கணும்."

"செங்குட்டுவன் சார் எங்கிட்ட இன்னா கேட்டாரு? ஹாரன் வந்துச்சான்னு கேட்டாரு. வந்துச்சுன்னேன். கை எங்க இருந்துச்சுன்னு கேக்கவே இல்லியே." போனைத் தேடி எடுத்தார். "இரு, இப்பவே சொல்றேன்."

கால் உடைந்தவரே ஓட்டினவளுக்காகப் பேசியதை செங்குட்டுவனால் ஒதுக்க முடியவில்லை. கார் கம்பெனிக்கு எழுதினார். அடுத்த வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து ஜெயஸ்ரீ வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். ஸ்டியரிங்கில் எந்தப் பட்டன் எங்கே இருக்கவேண்டும் என்று முடிவு செய்யும் குழுவில் இருப்பவள். கையில் லேப்டாப்போடு வந்தவள் முதலிலேயே சொல்லிவிட்டாள்: "நாங்க நாப்பது பேர வெச்சு டெஸ்ட் பண்ணியிருக்கோம். ஒருத்தருக்கும் இப்படி ஆகல. அதனால நான் நேர்ல பார்க்கணும்."

"பாருங்க. அதுக்குத்தான் கூப்ட்டது" என்றாள் கார்குழலி.

அவள் தோள்பையிலிருந்து நாலு கலர் கோலப்பொடிப் பொட்டலங்களை எடுத்தாள். மார்கழியில் அம்மு வாங்கி மிச்சம் வைத்தவை. புதுக் கார்களின் ஸ்டியரிங்கில் பிளாஸ்டிக் தாள் சுற்றியிருக்கும், துடைத்தால் போய்விடும் என்று சொன்னதும் செங்குட்டுவன் ஒப்புக்கொண்டார். கப்பல் தளத்தில் இருக்கும் அதே இடைவெளியில் யார்டில் கூம்புகளை வைத்தார்கள். தண்டபாணிக்கு மஞ்சள், முன்னால் டிரெய்லர் ஓட்டிய அருள்நாதனுக்குச் சிவப்பு, குழுவில் இருந்த இன்னொரு பெண் ரூத்துக்குப் பச்சை, கார்குழலிக்கு நீலம். உள்ளங்கை முழுக்கப் பொடியைத் தேய்த்துக்கொண்டு ஒவ்வொருவராக ஓட்டினார்கள்.

தண்டபாணி ஓட்டி இறங்கியபோது வளையத்தின் இரண்டு ஓரங்களில் மட்டும் மஞ்சள். பட்டை சுத்தமாக இருந்தது. ஜெயஸ்ரீ படம் எடுத்துக்கொண்டாள். தாளைத் துடைத்துவிட்டு அருள்நாதன் ஏறினார். அவர் ஒற்றைக் கையால் கீழே பிடித்து ஓட்டுகிறவர். சிவப்பு எல்லாம் அடியில்தான் இருந்தது.

ரூத் போனபோது, இரண்டாவது திருப்பத்தில் ஹாரன் ஒலித்தது. யார்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ரூத் இறங்கி வந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு முன்னாடியே ரெண்டு தபா அடிச்சுது. யார்ட்ல இருந்தப்ப. வேலைக்கு வேணாம்னுடுவாங்களோன்னு வாயத் தொறக்கல" என்று கார்குழலியைப் பார்த்துச் சொன்னாள். "நீ வூட்ல உக்காந்துகினு இருந்தப்பகூட சொல்லல. தப்புதான்க்கா."

கார்குழலிக்கு ஒரு கணம் கோபம் வந்தது. பிறகு, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் தனக்கு நடந்திருந்தாலும் தானும் சொல்லியிருக்கமாட்டோம் என்று தோன்றியது. "இப்ப சொல்லிட்டல்ல, வுடு" என்றாள்.

கடைசியாக அவள் ஏறினாள். ஜெயஸ்ரீ பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். மூன்று திருப்பத்தில் இரண்டு முறை ஹாரன் அடித்தது. நிறுத்தியபோது கறுப்புப் பட்டையின் மேல், ஹாரன் படத்தை மறைத்துக்கொண்டு, நீலமாக அவள் உள்ளங்கை அடிமேடு பதிந்திருந்தது.

ஜெயஸ்ரீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார்குழலியின் கையை விரிக்கச் சொல்லித் தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். ஜெயஸ்ரீயின் விரல்கள் ஒரு கணு அதிக நீளம்.

"நாப்பது பேர்ல யாரும் இப்படி உக்காரல. எல்லாரும் எங்க ஆபீஸ்ல வேலை செய்றவங்க. நேரான ரோட்ல ஓட்டினாங்க" என்றாள்.

"எங்க தெருவுல ஒரு வண்டிய உள்ள நுழைச்சு வெளிய எடுக்கணும்னா நாலு தபா முழுசா ஒடிக்கணும்மா. அங்க தெருவுலயே பசங்க வெளாடிகினு இருக்கும். அப்ப இது அடிச்சா எவன் எந்தப் பக்கம் ஓடுவான்னு யாருக்குத் தெரியும்? பயந்தவனுக்கு கால் எங்க போவும்னு லோகநாதன் அண்ணன் வூட்ல போயி பாருங்க."

ஜெயஸ்ரீ லேப்டாப்பை மூடி வைத்தாள். "போலாம். கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள்.

போனார்கள். லோகநாதன் தளத்தில் தான் எங்கே நின்றார், கார் எப்படி வந்தது என்று கைத்தடியால் தரையில் வரைந்து காட்டினார். ஜெயஸ்ரீ அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் கூச்சப்பட்டு, "நீ இன்னாம்மா பண்ணுவ, உக்காரு, டீ குடி" என்றார்.

கார்குழலி அடுத்த திங்கள்கிழமையே வேலைக்குத் திரும்பினாள். தவறு அவளுடையது அல்ல என்று செங்குட்டுவன் எழுத்திலேயே கொடுத்தார். துறைமுகத்தில் இருக்கும்வரை அந்தப் பட்டை வேலை செய்யாதபடி கம்பெனி மாற்றியமைத்தது. கார்த்திகையில் வந்த வண்டிகளில் ஹாரன் மறுபடியும் நடுவில் இருந்தது, அழுத்தினால்தான் அடித்தது. அதற்குள் லோகநாதனும் வேலைக்கு வந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் சாய்ந்துதான் நடந்தார்.

தை மாதம் ஜெயஸ்ரீ போன் செய்தாள். அடுத்து வரப்போகும் காருக்கு ஸ்டியரிங் வரைந்துகொண்டிருக்கிறார்கள், இந்த முறை ஆபீஸ் ஆட்கள் மட்டும் போதாது என்று மேலே சொல்லி ஒப்புதல் வாங்கிவிட்டாள். கார்குழலி வரமுடியுமா?

"நான் மட்டும் வந்து இன்னா ஆவும்? என் கைக்கு சரியா இருந்தா தண்டபாணி அண்ணன் கைக்கு சரியா இருக்காது. எல்லாரையும் கூப்புடு" என்றாள்.

நாலு பேரும் போனார்கள். திருவொற்றியூரைத் தாண்டி ஒரு தொழிற்சாலைக் கொட்டகை. காரே இல்லை, ஒரு சீட்டும் ஸ்டியரிங்கும் மட்டும் ஒரு மேடையில் பொருத்தியிருந்தார்கள். பட்டன்கள் எல்லாம் தனித்தனியாக ஒரு டப்பாவில் இருந்தன. வேண்டிய இடத்தில் ஒட்டிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் பிய்த்து வேறு இடத்தில் ஒட்டலாம். அரை மணி நேரத்தில் அங்கே பெரிய வாக்குவாதம் கிளம்பிவிட்டது. சத்தம் கூட்டும் பட்டன் இடக்கையில் இருக்கவேண்டும் என்றார் தண்டபாணி. வலக்கையில்தான் என்றார் அருள்நாதன். பட்டனே வேண்டாம், முன்போல டேஷ்போர்டில் திருகுகிற குமிழ் ஒன்று இருந்தால் போதும் என்றாள் ரூத். ஜெயஸ்ரீயும் அவளோடு வந்த இரண்டு பேரும் எதையும் விடாமல் எழுதினார்கள்.

கார்குழலியின் முறை வந்தது. சீட்டை முன்னால் இழுத்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இது கம்பெனி வண்டின்னு நினைக்காதீங்க. உங்க வண்டி, உங்களுக்காகவே செய்றோம். போன் பட்டனை எங்க வைக்கலாம்?" என்று கேட்டாள் ஜெயஸ்ரீ.

இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. டப்பாவிலிருந்து பட்டனை எடுத்து வளையத்தின் உள்பக்கம் கொஞ்சம் கீழே ஒட்டினாள். இடப்பக்கம் முழுக்க ஒடித்தாள், வலப்பக்கம் ஒடித்தாள். பிய்த்தாள். இன்னும் ஒரு விரல் தள்ளி ஒட்டினாள். மறுபடி ஒடித்தாள்.

பின்னாலிருந்து தண்டபாணி, "இன்னா கொயலி, அடுத்த பொங்கலுக்குள்ள சொல்லுவியா?" என்றார்.

"அவசரப்படுத்தாதண்ணே" என்றாள் அவள், கையைப் பார்த்தபடியே. "இன்னும் ரெண்டு தபா திருப்பிப் பாத்துட்டு சொல்றேன்."