சம்ப்பில் காலி இடம்

சோபாவில் எந்த இடத்தில் உட்கார்ந்தால் தொட்டியின் அலை நன்றாகத் தெரியும் என்று ரத்தினவேல் மாறி மாறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடது ஓரத்தில் உட்கார்ந்தால் அலை தன்னை விட்டுப் போவது போலிருந்தது. வலது ஓரத்தில் தன்னைத் தேடி வருவது போலிருந்தது. மகளுக்கு வலது ஓரம் என்று முடிவு செய்து, மனைவிக்கு நடுவில் ஒரு குஷனை நகர்த்தி வைத்தார். ஓசூர் சிப்காட்டில் கார் கதவுகளுக்குக் கீல் செய்யும் தொழிற்சாலையின் வைஸ் பிரசிடென்ட் அவர். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு என்றாலும் லேஅவுட் போடாமல் அவருக்கு ஆரம்பிக்க வராது.

ஹாலின் ஒரு சுவரை முழுதாக அடைத்து நின்ற அதை யாராவது மீன்தொட்டி என்றால் அவர் முகம் சுருங்கும். மரைன் டேங்க். உள்ளே உப்புத் தண்ணீர், பவளப்பாறை, வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன்கள். வாங்கிய வருடம் தொழிற்சாலையே வந்து பார்த்தது. வராதவர்களுடைய இன்கிரிமென்ட் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. டிசைன் பிரிவு ஸ்ரீராம் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கடலே நம்ம மத்திகிரிக்கு வந்துருச்சு சார்" என்றான். பிறகு புனேயிலிருந்து சின்ன வயதுக்காரர் ஒருவர் ரத்தினவேலுக்கு மேலே வந்து உட்கார்ந்தார். ஸ்ரீராம் இப்போது அவரோடு வாக்கிங் போகிறான். கடல் மட்டும் மத்திகிரியிலேயே இருந்தது.

சரஸ்வதியும் மகள் ரஞ்சிதாவும் பெங்களூரில் இருந்தார்கள். ரஞ்சிதாவின் காலேஜுக்காகத் தற்காலிக ஏற்பாடு என்று ஆரம்பித்தது. சரஸ்வதி அங்கேயே பேங்க் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். படிப்பு முடிந்தும் தற்காலிகம் முடியவில்லை. வாராவாரம் வந்துகொண்டிருந்தவர்கள் மாதம் ஒருமுறை என்றார்கள். பிறகு அத்திப்பள்ளி டிராஃபிக் கொஞ்சம் குறையட்டும் என்றார்கள். அத்திப்பள்ளி டிராஃபிக் குறைகிற சாமானா? இன்று என்னவோ தாங்களாகவே வருகிறோம் என்று போன் செய்திருந்தார்கள். எப்படியாவது ஒரு ராத்திரி தங்கவைத்துவிட வேண்டும். மகளின் அறையில் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாகிவிட்டது. அலையும் அதற்குத்தான்.

"ஏன் சார், மீனுக்குத் தாலாட்டா?" என்றாள் வேலைக்கு வரும் நஞ்சம்மா, பெருக்குவதை நிறுத்திவிட்டு.

"இது வேவ் மேக்கர்மா. கடல்ல இருக்கிற ஃபீலிங் அதுங்களுக்கு வரணும்."

"வந்தா என்ன பண்ணும் சார்? கடலுக்குப் போயிருமா?"

வேவ் மேக்கர் என்பது கண்ணாடியில் ஒட்டி நிற்கும் ஒரு குட்டி மோட்டார். விட்டு விட்டுத் தண்ணீரைத் தள்ளும். சிவாஜிநகரில் அதை விற்ற மூர்த்தி, விசிட்டிங் கார்டில் 'ரீஃப் கன்சல்டன்ட்' என்று போட்டுக்கொண்டவர், இரண்டாவதையும் விற்றுவிடும் அவசரத்தில் பார்சல் கட்டிக்கொண்டே சொன்னார்: "மூலையில சீப்புப் பல்லு மாதிரி தடுப்பு இருக்குதில்ல சார், ஓவர்ஃப்ளோ, அதைப் பாத்து வெச்சிராதீங்க. அலை அதுல மோதினா ஒரேடியா வழியும், அப்புறம் பைப்பு காத்து குடிக்கும். கீழ தண்ணி வந்து சேர்ற சின்னத் தொட்டி, சம்ப்பு, அதையும் ரொப்பாதீங்க. கரண்டு போனா மேல இருக்கிற தண்ணி இறங்கும். அதுக்கு எடம் வேணும்."

"நான் பிளான்ட் நடத்துறவன் மூர்த்தி."

"அது சரி சார். தண்ணிக்கு அது தெரியாதே."

ரத்தினவேல் வீட்டுக்கு வந்து தொட்டிக்குக் கீழே அலமாரிக் கதவைத் திறந்து பார்த்தார். சம்ப்பில் பாதி காலி. இருபத்தைந்து வருடமாக, காலியாகக் கிடக்கும் இடம் எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை அரிக்கும். பாதி காலி என்றால் பாதி முதலீடு தூங்குகிறது என்று எத்தனை மீட்டிங்கில் பேசியிருக்கிறார்! உப்புத் தண்ணீர் கலந்து கழுத்துவரை நிரப்பினார். அலை சோபாவின் வலது ஓரத்தைப் பார்த்து வர வேண்டும் என்பதால், வேவ் மேக்கர்கள் இரண்டும் ஓவர்ஃப்ளோவைப் பார்த்தே நின்றன. மின்வெட்டுக்கு அவர் தயாராக இல்லாமலில்லை. யூபிஎஸ் இருந்தது. அதை மோட்டாருக்கு அல்ல, தொட்டியின் நீல விளக்குக்குக் கொடுத்திருந்தார். வருகிறவர்கள் இருட்டில் எதைப் பார்ப்பார்கள்?

பதினொரு மணிக்கு மேல் கால் டாக்ஸி வந்தது. ரஞ்சிதா வலது ஓரத்தில் உட்காரவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேரே தொட்டியிடம் வந்து நின்றாள். மோட்டார் தள்ளியது. தண்ணீர் எழும்பி மூலைத் தடுப்பின் மேல் விழுந்தது. பைப்பு 'களுக்' என்று விழுங்கி, நீளமாக ஒரு ஏப்பம் விட்டது.

"அப்பா, யாரோ வாந்தி எடுக்கிற மாதிரி இருக்குப்பா."

"சிஸ்டம் ஸ்டெபிலைஸ் ஆயிட்டிருக்கும்மா. நீ இப்படி வந்து உக்காந்து பாரு."

சரஸ்வதி நடுவில் இருந்த குஷனை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "என்னங்க, ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள்.

"ஆ?"

"விஷயம் சொல்லணும்னேன்."

"சொல்லு சொல்லு. முதல்ல இதைக் கேளு, இந்தத் தண்ணி வழிஞ்சு கீழ போகுதில்ல..."

களுக். சரஸ்வதி வாயைத் திறந்தாள். களுக். ஓவர்ஃப்ளோ, ரிட்டர்ன் மோட்டார், அலையின் இடைவெளி என்று அவர் கையை ஆட்டி விளக்கிக்கொண்டே போனார். பிளான்ட்டைச் சுற்றிப் பார்க்க வந்த ஜப்பான்காரர்களிடம் பேசுகிற குரல் அது. பேச்சை விட்டுவிட்டால் அவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்று அவருக்குள் ஏதோ ஒன்றுக்குத் தெரிந்திருந்தது. பெண்கள் இருவரும், ஜப்பான்காரர்களைப் போலவே, மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

கரண்ட் போயிற்று.

மின்விசிறி நின்றது. மோட்டார்கள் நின்றன. கடைசியாக ஒருமுறை விழுங்கிவிட்டுப் பைப்பும் நின்றது. அந்த வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று ரத்தினவேலுக்கே மறந்துபோயிருந்தது. அலைக்காக ஜன்னல் திரைகளை மூடியிருந்த ஹாலில் நீல விளக்கு மட்டும் மூன்று முகங்களிலும் எரிந்தது.

"எனக்கு ஹைதராபாத் போட்டிருக்காங்க" என்றாள் சரஸ்வதி. "இவளுக்கும் அங்கதான் வேலை கிடைச்சிருக்கு. நாளைக்குக் காலைல சாமான் ஏத்த லாரி வருது. போன்ல சொல்ல வேணாம், நேர்ல சொல்லலாம்னு வந்தோம்."

பதிலுக்கு அலமாரிக் கதவின் அடியிலிருந்து தண்ணீர்தான் முதலில் வந்தது. மேல்தொட்டியின் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கி, இடமில்லாத சம்ப்பிலிருந்து வழிந்து, சோபாவின் காலைச் சுற்றிக்கொண்டு ரஞ்சிதாவின் விரல்களைத் தொட்டது.

"அப்பா! தண்ணி!"

அதன்பிறகு கொஞ்ச நேரம் அந்த வீட்டில் யாருக்கும் பதவி இல்லை. சரஸ்வதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முறத்தால் வாரி வாளியில் ஊற்றினாள். ரஞ்சிதா கைக்குக் கிடைத்த துணி என்று தன் அறைக் கட்டில் விரிப்பையே உருவிக்கொண்டு ஓடிவந்து அணை கட்டினாள். வைஸ் பிரசிடென்ட் முட்டிபோட்டு பனியனால் துடைத்தார்.

"இங்க வருது பாருங்க, இங்க... ஐயோ, அந்தப் பக்கம் தள்ளாதீங்க."

"நான் எங்க தள்றேன்? அதுவா வருது."

"ரெண்டு பேரும் சண்டை போடாம பிழியுங்க" என்றாள் ரஞ்சிதா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். சரஸ்வதியும் சிரித்தாள். கரண்ட் இப்போதைக்கு வந்துவிடக் கூடாதே என்று ரத்தினவேல் வேண்டிக்கொண்டார். மின்வாரியத்திடம் இப்படியொரு வேண்டுதல் வைத்த முதல் தொழிற்சாலைக்காரர் அவராகத்தான் இருப்பார்.

தண்ணீர் தீர்ந்துவிட்டது. சாப்பாடும் முடிந்தது. "இன்னிக்கு இருந்துட்டுப் போலாமே" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"எங்கங்க? பாத்திரம்கூட இன்னும் கட்டலை." பிறகு சரஸ்வதியே சொன்னாள்: "லீவு கிடைச்சா நீங்க வாங்க."

"வீடு பெரிசா?"

"ரெண்டு ரூம்தான். தொட்டி வைக்க இடமில்ல."

"தொட்டி எதுக்கு?" என்றார். சரஸ்வதி தட்டுகளை எடுத்து அடுக்கினாள். வெளியே டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். ரஞ்சிதா இன்னும் ஈரம் காயாத தொட்டியடிக்கு ஓடிப்போய் அதை ஒருமுறை பார்த்துவிட்டு ஈரக் காலோடு வாசலுக்கு ஓடிவந்தாள்.

சாயங்காலம் பாத்திரம் கழுவ வந்த நஞ்சம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். ஹாலில் பர்கூர்க் கறுப்புக் கிரானைட் தரை முழுக்க வெள்ளை வெள்ளையாகக் காலடிகள். உப்பு காய்ந்து, குதிகாலும் விரல்களும் தனித்தனியாகத் தெரிந்தன. அகலமான ஒரு ஜோடி சமையற்கட்டுக்கும் ஹாலுக்கும் போய் வந்திருந்தது. மெலிந்த ஒரு ஜோடி தொட்டியிடமிருந்து வாசல் வரைக்கும் வந்து முடிந்திருந்தது. ரத்தினவேல் சோபாவின் மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார்.

"உப்பு பூத்துப் போச்சே சார். இருங்க, ஒரு தொடை தொடைச்சிட்டா..."

"வேணாம்மா."

"பிசுபிசுன்னு ஒட்டும் சார்."

"ஒட்டட்டும். அதை மிதிச்சிராதே."

நஞ்சம்மா படி தாண்டத் தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல், நிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள்.